சட்டம் தரும் போனஸ், மேலாளர் தரும் போனஸ்

2024 அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37ஆவது நாளில் முடிவுக்கு வந்தது. அதே நாள் காலையில், அதே நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் பங்கு வெளியீடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பங்கு ஒன்றின் உச்ச விலை 1,960 ரூபாய். திரட்டிய தொகை ஏறத்தாழ 27,870 கோடி. இந்தியாவில் அதுவரை வந்த முதல் பொதுப் பங்கு வெளியீடுகளில் (ஐ.பி.ஓ.) அதுவே பெரியது. அதில் ஒரு ரூபாய்கூட இருங்காட்டுக்கோட்டைக்கு வரவில்லை. கொரியத் தாய் நிறுவனம் தன் பங்கில் 17.5 சதவீதத்தை விற்றது, பணமும் அங்கே போனது. சாம்சங் தொழிலாளர்கள் கேட்டது சங்க அங்கீகாரமும் சம்பள உயர்வும். மாதம் சராசரியாக 25,000 ரூபாய் வாங்குகிறோம், மூன்றாண்டுகளில் 36,000 ஆக வேண்டும் என்பது அவர்கள் வைத்த கோரிக்கை.

தண்டலத்திலிருந்து மப்பேடு, பேரம்பாக்கம் போகும் சாலையில் இருக்கும் மண்ணூர் போன்ற ஊர்களில் இரண்டு செய்திகளுக்கும் ஆள் உண்டு. அப்பா கம்பெனி பஸ் ஏறுபவர், பிள்ளை பி.காம். முடித்து, சி.ஏ. இன்டர் எழுதிக்கொண்டோ சி.எஃப்.ஏ. முதல் நிலை முடித்தோ, சென்னையில் பங்கு ஆய்வு வேலை தேடுபவர். இப்படிப்பட்ட பிள்ளை வேலைக்குச் சேரும்போது சம்பளம், போனஸ் என்று எதை எதிர்பார்க்கலாம் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. பதிலின் பாதி அப்பாவின் சம்பள ஸ்லிப்பில் இருக்கிறது என்பது என் துணிபு.

பங்கு ஆய்வில் இளநிலைப் பதவி என்றால் வேலை இதுதான்: நிறுவனங்களின் காலாண்டு முடிவுகளை எக்செல் மாடலில் ஏற்றுவது, அடுத்த மூன்றாண்டு விற்பனையையும் லாபத்தையும் கணிப்பது, மேலாளர் பெயரில் வெளிவரும் அறிக்கைக்கு அட்டவணைகள் தயாரிப்பது, முடிவு வெளியாகும் இரவுகளில் தூங்காமல் இருப்பது. சென்னைக்கு இந்த வேலை புதிதல்ல. 2001இல் தொடங்கிய இரெவ்னா, வெளிநாட்டு முதலீட்டு வங்கிகளுக்காகப் பங்கு ஆய்வைச் சென்னையிலிருந்து செய்துகொடுத்தது. 2005இல் கிரிசில் அதை வாங்கியது. நகரத்திலேயே பிறந்து வளர்ந்த ஸ்பார்க் கேபிடலின் பங்குத் தரகுப் பிரிவு பின்னர் அவெண்டஸ் குழுமத்தோடு சேர்ந்தது. சுந்தரம் மியூச்சுவல் ஃபண்டின் ஆய்வுக் குழுவும் இங்கேதான். மூன்றும் மூன்று வகை. முதல் வகையில் வாடிக்கையாளர் வங்கி தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டுகிறது. உங்கள் கணிப்பு பலித்தாலும் பொய்த்தாலும் அந்தத் தொகை பெரிதாக மாறாது. இரண்டாவது, தரகு நிறுவனம். மூன்றாவது, பிறர் பணத்தை நிர்வகிப்பது. போனஸ் எந்தப் பையிலிருந்து வருகிறது என்பது மூன்றிலும் வேறு வேறு. வேலை தேடுபவர்கள் பெரும்பாலும் சம்பளத்தைக் கேட்கிறார்கள், பையைக் கேட்பதில்லை.

முதலில் ஆலைப் பக்கம் போவோம். 2025 செப்டம்பரில் ஹூண்டாய் நிர்வாகமும் 2011இல் உருவான ஐக்கிய ஹூண்டாய் ஊழியர் சங்கமும் ஒரு செட்டில்மென்ட்டில் கையெழுத்திட்டன. 2024 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை மூன்றாண்டுகளில் மாதச் சம்பளம் 31,000 ரூபாய் உயரும். முதலாண்டில் அதில் 55 சதவீதம், அடுத்த ஆண்டு 25, கடைசி ஆண்டு 20. அதாவது 17,050, பிறகு 7,750, பிறகு 6,200. சங்கத்தில் இருப்பவர்கள் 1,981 பேர். தொழிலாளர், டெக்னீஷியன் பிரிவில் ஏறத்தாழ 90 சதவீதம்.

இதை ஓர் இளநிலை ஆய்வாளர் தன் மாடலில் எப்படி ஏற்றுவார்? 31,000 ரூபாயை 12 மாதத்தால் பெருக்கி, 1,981 பேரால் பெருக்கினால், உயர்வு முழுமையாக நடைமுறைக்கு வந்த பின் ஆண்டுக்குச் சுமார் 73.7 கோடி. பி.எஃப்., கிராஜுவிட்டி போன்றவற்றின் கூடுதல் சுமையைச் சேர்க்கவில்லை. 2024–25இல் ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் வருவாய் சுமார் 69,193 கோடி, நிகர லாபம் சுமார் 5,640 கோடி. வருவாயில் இந்த உயர்வின் பங்கு ஆயிரத்தில் ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. எஃகு விலை ஒரு காலாண்டில் ஏறி இறங்கினால் மாடலில் இதைவிடப் பெரிய அசைவு தெரியும். ஒரு தொழிலாளியின் வீட்டில் கடனை அடைக்கும், மகளைக் கல்லூரியில் சேர்க்கும் தொகை, எக்செலில் ஒரு கட்டத்தின் தசமப் புள்ளிக்குப் பின்னால்தான் தெரிகிறது. ஊதிய உயர்வைக் கண்டதும் 'லாப விகிதத்துக்கு ஆபத்து' என்று எழுதும் கை, இந்தப் பெருக்கலை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

சாம்சங்கிலும் கதை தொடர்ந்தது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவு பெற்றது. மே மாதம் ஏற்பட்ட ஒப்பந்தப்படி மூன்றாண்டுகளில் மாதம் 18,000 ரூபாய் உயர்வு: முதலாண்டு 9,000, அடுத்த இரண்டு ஆண்டுகளில் 4,500 வீதம். சாம்சங் இந்தியா இங்கே பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம். அதனால் அந்த 37 நாள்களைப் பற்றி இந்தியத் தரகு நிறுவன ஆய்வாளர் யாரும் அறிக்கை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பட்டியலில் இல்லாத ஆலை மாடலிலும் இல்லை.

இனி போனஸ். ஆலைத் தொழிலாளியின் போனஸுக்கு நூறாண்டு வழக்கு வரலாறு இருக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தில், 1917இல், பம்பாய்ப் பஞ்சாலைகள் விலைவாசியைச் சமாளிக்கப் போர்க்கால போனஸாகச் சம்பளத்தில் 10 சதவீதம் கொடுத்தன. முதலாளிகள் பார்வையில் அது அன்பளிப்பு. சில ஆண்டுகள் தொடர்ந்து கொடுத்துவிட்டு நிறுத்தியபோது 1924இல் பெரும் வேலைநிறுத்தம் வந்தது. பம்பாய்த் தலைமை நீதிபதி சர் நார்மன் மெக்லியாட் தலைமையிலான குழு, தொழிலாளருக்கு இதில் உரிமை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த நிலை மாறக் கால் நூற்றாண்டு ஆனது. 1950இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பம்பாய் ஆலை வழக்கில் ஒரு வாய்பாடு வகுத்தது: மொத்த லாபத்திலிருந்து தேய்மானம், இயந்திரப் புதுப்பிப்புக்கான ஒதுக்கீடு, செலுத்தப்பட்ட மூலதனத்துக்கு 6 சதவீத வருவாய், நடைமுறை மூலதனத்துக்குரிய வருவாய் ஆகியவற்றைக் கழி, மிச்சத்தில் தொழிலாளிக்குப் பங்கு உண்டு. 1961இல் எம்.ஆர். மெஹர் தலைமையில் போனஸ் கமிஷன் அமைந்தது. அதன் பிறகு 1965ஆம் ஆண்டு போனஸ் வழங்கல் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்தைப் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு எடுத்துக்கொண்டது.

1965 சட்டத்தின் அட்டவணைகளைப் படித்துப் பார்த்தால் அது ஒரு பங்கு ஆய்வுப் பாடப்புத்தகம் போலவே இருக்கும். மொத்த லாபத்தை எப்படிக் கணக்கிடுவது, எவற்றைத் திரும்பச் சேர்ப்பது, எவற்றைக் கழிப்பது, நேரடி வரியை எப்படிப் பார்ப்பது, பங்கு மூலதனத்துக்கு 8.5 சதவீதமும் கையிருப்புக்கு 6 சதவீதமும் ஒதுக்கிய பின் மீதம் எவ்வளவு, அந்த மீதத்தில் பகிர்ந்தளிக்க வேண்டிய பங்கு எவ்வளவு (பெரும்பாலான நிறுவனங்களுக்கு 60 சதவீதம்), ஓராண்டு மிஞ்சியதையும் குறைந்ததையும் நான்கு ஆண்டுகள் வரை எப்படி முன்னெடுத்துச் செல்வது என்றெல்லாம் போகிறது. ஒரகடத்தில் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டிப் போனஸ் கோரிக்கை எழுதும் தோழர், பட்டம் இல்லாத பங்கு ஆய்வாளர். அவருக்கு யாரும் ஆய்வாளருக்கான நிசம் (NISM) சான்றிதழ் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

சட்டம் தரும் தரை 8.33 சதவீதம், அதாவது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். கூரை 20 சதவீதம். நெருக்கடி நிலைக் காலத்தில் தரையைக் குறைத்தார்கள். 1977இல் ஆட்சி மாறியதும் அது திரும்ப வந்தது. நட்டம் வந்தாலும் தரை போனஸ் கொடுத்தாக வேண்டும்; புதிய ஆலைக்கு மட்டும் முதல் ஐந்தாண்டுகள், லாபம் வரும் ஆண்டுக்குக் கொடுத்தால் போதும் என்ற சலுகை. ஆண்டில் 30 நாள் வேலை செய்தவருக்குத் தகுதி உண்டு. கணக்காண்டு முடிந்த எட்டு மாதத்துக்குள் பணம் கைக்கு வர வேண்டும். தீபாவளிக்கு முன் ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெரு நிரம்புவதன் பின்னால் இந்த எட்டு மாதமும் இருக்கிறது. பாதியில் வேலையை விட்டுப் போனவர்கூட உழைத்த நாளுக்கான போனஸை இழப்பதில்லை. மோசடி, ஆலை வளாகத்தில் வன்முறை, திருட்டு, நாசவேலை போன்றவற்றுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவர்தான் இழப்பார்.

சட்டத்தின் ஓட்டைகளும் பெரியவைதான். 1965 சட்டத்தில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் போனால் பாதுகாப்பு இருக்கவில்லை. கணக்கிடுவதற்கான சம்பளமோ 7,000 ரூபாய், அல்லது அந்த வேலைக்கான குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அது. தமிழக அரசு பொதுத்துறை ஊழியருக்குத் தீபாவளிக்கு அறிவிக்கும் 20 சதவீதம் ஏன் 16,800 ரூபாயில் நிற்கிறது என்று பலர் கேட்பார்கள். 7,000ஐ 12ஆல் பெருக்கினால் 84,000. அதில் 20 சதவீதம் 16,800. 2014 ஏப்ரலிலிருந்து அமலுக்கு வந்ததாக 2015இல் திருத்திய வரம்பு இது. அப்ரென்டிஸ்களைச் சட்டம் ஊழியராகவே எண்ணுவதில்லை. இந்தத் தொழிற்பட்டையில் அப்ரென்டிஸ், டிரெய்னி என்ற பெயரில் லைனில் நிற்பவர்கள் எவ்வளவு பேர் என்று தெரிந்தவருக்கு அதன் பொருள் புரியும். ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சட்டப்படி போனஸ் உண்டு, ஆனால் கேட்பதற்குச் சங்கம் இல்லை.

ஆக ஆலையில் மூன்று நிலைகள். சட்டத்தின் சம்பள வரம்புக்குக் கீழே சட்டம் காக்கிறது. அதற்கு மேலே சங்கம் பேசிப் பெறுகிறது. இரண்டும் எட்டாத இடத்தில் டிரெய்னி நிற்கிறார்.

நம் இளநிலை ஆய்வாளர் எங்கே நிற்கிறார்? சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியதால் சட்டத்துக்கு வெளியே. சங்கம் கிடையாது; மென்பொருள் ஊழியர் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியபோதும் அலுவலகங்களில் அது வேரூன்றவில்லை, ஆய்வு நிறுவனங்களில் பேச்சே இல்லை. சம்பளம் டிரெய்னியைவிடப் பல மடங்கு என்றாலும், போனஸ் விஷயத்தில் அவரும் டிரெய்னி வரிசையில்தான். அவருக்கு வருவது 1950க்கு முந்தைய போனஸ்: கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் கேட்க முடியாது. ஆஃபர் லெட்டரில் இதைச் சுற்றி வளைக்காமலே எழுதியிருப்பார்கள். 'நிறுவனத்தின் முழு விருப்பத்துக்கு உட்பட்டது', 'வழங்கும் தேதியில் பணியில் இருக்க வேண்டும். ராஜினாமாக் கடிதம் கொடுத்திருக்கக் கூடாது.' ஏப்ரலில் வரும் போனஸுக்காக மார்ச்சில் கடிதம் கொடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரும் பழக்கம் இதனால் வந்தது. 12 மாதம் உழைத்து, வழங்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பு வெளியேறுபவருக்குப் பூஜ்யம். இதே நிலையில் ஓர் ஆலைத் தொழிலாளி இருந்தால், சட்டம் அவர் பக்கம்.

ஆய்வாளர் போனஸ் நிரம்பும் பையைப் பற்றிச் சொன்னேன். அது சுருங்கிவரும் பை. 1990களின் கடைசியில் அமெரிக்காவில் ஆய்வாளர்களின் போனஸ், அவர்களுடைய வங்கி பிடித்துவரும் பங்கு வெளியீடுகளோடு கட்டப்பட்டிருந்தது. டெலிகாம் துறையில் ஜாக் க்ரப்மன் ஆண்டுக்கு 2 கோடி டாலர் அளவில் சம்பாதித்தார் என்பது அந்தக் காலத்து உச்சம். உள்ளே குப்பை என்று நினைத்த பங்கை வெளியே 'வாங்கு' என்று சொன்ன கதைகள் வெளிவந்து, 2003 ஏப்ரலில் 10 நிறுவனங்கள் சுமார் 140 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்தன. க்ரப்மனும் இன்னொரு பிரபல ஆய்வாளரான ஹென்றி பிளாட்ஜெட்டும் பங்குத் தொழிலிலிருந்து ஆயுட்காலத்துக்கு விலக்கப்பட்டார்கள். ஆய்வாளர் சம்பளத்துக்கும் வங்கித் தொழில் வருமானத்துக்கும் நடுவே சுவர் எழுந்தது. 2018 ஜனவரியில் ஐரோப்பா இன்னொரு சுவர் எழுப்பியது: ஆய்வுக்கான காசைத் தரகுக் கட்டணத்துக்குள் மறைக்காமல் தனியே காட்டு என்றது. தனியே காட்டச் சொன்னதும் பலர் அவ்வளவு ஆய்வு தேவையில்லை என்று கண்டுகொண்டார்கள்.

இந்தியாவிலும் அதே திசை. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2014ஆம் ஆண்டு ஆய்வாளர் விதிகளின்படி ஆய்வாளரின் ஊதியம் குறிப்பிட்ட வங்கித் தொழில் பேரத்தையோ தரகுப் பரிவர்த்தனையையோ பொறுத்து அமையக் கூடாது; ஊதியத்தை ஆண்டுதோறும் இயக்குநர் குழுவோ அதன் கமிட்டியோ பரிசீலித்து ஒப்புதல் தர வேண்டும். நல்ல விதி. ஆனால் தரகு நிறுவனத்தின் ஆய்வுச் செலவு தரகிலிருந்துதான் வருகிறது. மியூச்சுவல் ஃபண்டுகள் 100 ரூபாய்ப் பங்கு வர்த்தகத்துக்கு 12 காசு வரை தரகு கொடுக்கலாம் என்றிருந்த வரம்பை 2 காசாக்கலாம் என்று 2025 அக்டோபரில் செபி முன்மொழிந்தது. முதலீட்டாளர் ஆய்வுக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறார், நிர்வாகக் கட்டணத்தில் ஒருமுறை, தரகில் ஒருமுறை என்பது செபியின் வாதம். வாதம் சரியானதே. தரகு நிறுவனங்கள் பதறின. டிசம்பரில், வரிகள் நீங்கலாக, 6 காசில் முடிவானது. மும்பையிலோ சென்னையிலோ இரவு 11 மணிக்கு மாடல் திருத்திக்கொண்டிருக்கும் இளநிலை ஆய்வாளரின் அடுத்த ஆண்டு போனஸ் அந்தக் காசுகளுக்குள்தான் இருந்தது. பேச்சுவார்த்தையில் அவருக்காகப் பேச யாரும் இல்லை.

ஃபண்டு நிறுவனத்தில் சேர்பவருக்கு வேறொரு கணக்கு. ஆய்வுக் குழு உள்பட முக்கிய ஊழியர்களின் சம்பளத்தில் 20 சதவீதத்தை அவர்கள் நடத்தும் ஃபண்டின் யூனிட்டுகளாகவே கொடுத்து மூன்றாண்டு பூட்டி வைக்க வேண்டும் என்று 2021இல் செபி விதித்தது. 35 வயதுக்குக் குறைந்த இளநிலையினருக்கு 10 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினார்கள். 27 வயதில் வாடகையும் கல்விக்கடனும் கட்டுபவரிடம் சம்பளத்தில் ஒரு பகுதியை மூன்று வருஷம் கழித்துத் தருகிறேன் என்பது கொஞ்சம் அதிகம்தான். 2025 ஏப்ரலிலிருந்து அதைத் தளர்த்தினார்கள்: ஆண்டுச் சம்பளம் 25 லட்சத்துக்குக் கீழ் என்றால் கட்டாயம் இல்லை, அதற்கு மேல் சம்பளப் படிகளுக்கேற்ப விகிதம்.

இப்போது ஆஃபர் லெட்டரைக் கையில் எடுப்போம். உதாரணத்துக்கு சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனத்துக்கு ஆண்டுக்கு ஆகும் மொத்தச் செலவு) 9 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் மாதம் 75,000 என்று மனக்கணக்குப் போடுவார். அதில் வேரியபிள் எனப்படும் மாறும் ஊதியம் 15 சதவீதம், அதாவது 1,35,000, கையில் வரும்வரை கணக்கில் இல்லை. நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, சட்ட வரம்பில், 21,600. அடிப்படைச் சம்பளம் 4,50,000 என்றால் கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், சுமார் 21,650. மருத்துவக் காப்பீடு 12,000 என்று கொள்வோம். மிச்சத்தை 12ஆல் வகுத்தால் 59,000 சொச்சம். ஊழியர் பி.எஃப். 1,800, தொழில் வரி மாதத்துக்கு 200 சொச்சம் போக, கைக்கு வருவது ஏறத்தாழ 57,000. புதிய வருமான வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வரி வராது. 75,000க்கும் 57,000க்கும் நடுவே இருக்கும் 18,000இல் பெரும்பகுதி வேரியபிள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, மொத்த ஊதியத்தில் படிகள் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் கூலியாகவே கருதப்படும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, படிகளைப் பெருக்கிக் காட்டும் பழைய வித்தை இனி அவ்வளவாக எடுபடாது. கிராஜுவிட்டிக்கு அது நல்லது. கைக்கு வருவது கொஞ்சம் குறையலாம்.

என் கணிப்பில், இளநிலையில் சேர்பவர் முதல் மூன்றாண்டுகளுக்கு நிலையான சம்பளத்தை வைத்து மட்டுமே நிறுவனங்களை ஒப்பிட வேண்டும். தலைக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தத்தில் ஓடும் நிறுவனத்தில் வேரியபிள் ஓரளவு நிச்சயமாக வரும், ஆனால் வளராது. தரகு நிறுவனத்தில் சந்தை ஏறும் ஆண்டில் வீங்கும், இறங்கும் ஆண்டில் காணாமல் போகும். சம்பள உயர்வும் சேர்ந்தே நிற்கும். ஃபண்டு நிறுவனத்தில் ஏற்ற இறக்கம் குறைவு, ஆனால் அங்கே இடம் கிடைப்பது அரிது. மும்பைத் தொகையைச் சொல்லிச் சென்னையில் பேரம் பேசுவதில் பயனில்லை. மும்பை வாடகையைக் கழித்துவிட்டுப் பேசினால் பயனுண்டு.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: கடந்த மூன்றாண்டுகளில் என் நிலையில் இருந்தவர்களுக்கு வேரியபிள் எத்தனை சதவீதம் வழங்கப்பட்டது, அது எந்த மாதம் கைக்கு வந்தது, கம்பெனி லாபத்துக்கும் என் ரேட்டிங்குக்கும் அதில் எவ்வளவு எடை, நோட்டீஸ் காலத்தில் இருந்தால் என்ன ஆகும், ஜாயினிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் வெளியேறினால் திரும்பப் பிடிப்பீர்கள். இவை சங்கத் தலைவர் ஒருவர் நிர்வாகத்தோடு உட்காரும்போது கேட்கும் சாதாரணக் கேள்விகள்தான். எழுத்தில் பதில் வராவிட்டால், வேரியபிளைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு நிலையான சம்பளத்தை உயர்த்தித் தரச் சொல்லிப் பேசுங்கள்.